பயிரின் நோய் எதிர்ப்புக்கு மூலப்பொருள் பினைல் அலனின்

ஒரே வாய்க்காலில் நீர் பாயும் இரண்டு நெல் வயல்களில் ஒரே ரகம், ஒரே வாரத்தில் நடப்பட்டிருக்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் ஒரு வயலில் குலை நோய் பரவிப் பயிர் தீயில் வாட்டியது போல் காட்சி தரும். அடுத்த வயலிலோ இலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவதோடு நோய் நின்றுவிடும். காற்றில் வந்த பூசண வித்துகள் இரண்டு வயல்களிலும்தான் விழுந்தன. அவை விழுந்த பிறகு பயிருக்குள் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மனிதனுக்கும் மாட்டுக்கும் இரத்தத்தில் வெள்ளணுக்கள் உள்ளன. நோய்க்கிருமி புகுந்த இடத்துக்கு அவை விரைந்து சென்று போரிடுகின்றன. பயிருக்கு இரத்தமும் இல்லை, வெள்ளணுக்களும் இல்லை. பயிரின் ஒவ்வொரு உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வேண்டிய பொருள்களில் பலவற்றைப் பயிர் ஒரே மூலப்பொருளிலிருந்து தயாரிக்கிறது. அதுவே பினைல் அலனின் என்னும் அமினோ அமிலம். இது எவ்வாறு பயிருக்குக் கேடயமாகிறது, உழவரின் எந்தச் செயல் இதற்குத் துணை செய்கிறது, எந்தச் செயல் இதைக் கெடுக்கிறது என்பதை அறிந்துகொண்டால் மகசூல் இழப்பையும் மருந்துச் செலவையும் குறைக்க வழி பிறக்கும்.

பினைல் அலனின் என்பது என்ன?

செங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவது போல, 20 வகை அமினோ அமிலங்களைப் பல வரிசைகளில் கோத்தே எல்லா உயிர்களும் புரதங்களை உருவாக்குகின்றன. அவற்றுள் ஒன்று பினைல் அலனின். 1879ஆம் ஆண்டில் ஷுல்ட்ஸ், பார்பியேரி என்னும் இரு விஞ்ஞானிகள் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது, லூபின் என்ற பயறு வகைச் செடியின் முளைகளிலிருந்துதான்.

மனிதனாலும் கோழியாலும் இதைத் தம் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. பருப்பு, பால், முட்டை போன்ற உணவின் மூலமோ, தீவனத்தின் மூலமோ பெற வேண்டும். மாட்டுக்கு அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பெருமளவு தயாரித்துக் கொடுக்கின்றன. பயிர்களோ தாமே தயாரித்துக்கொள்கின்றன. ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையிலிருந்து ஷிகிமிக் அமிலம் என்னும் இடைப்பொருள் உண்டாகி, அதிலிருந்து பல படிகளில் பினைல் அலனின் உருவாகிறது. பயிர் காற்றிலிருந்து கிரகிக்கும் கரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பாதை வழியாகச் செல்கிறது என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. புரதம் தயாரிக்க மட்டும் இவ்வளவு தேவைப்படாது. மீதியெல்லாம் தண்டின் உறுதிக்கும், பூவின் நிறத்துக்கும், நோய் எதிர்ப்புக்கும் செலவாகிறது.

இந்தப் பாதையை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி செய்வது அதைத்தான். ஷிகிமிக் அமிலப் பாதையில் உள்ள ஒரு நொதியை அது முடக்குகிறது. பினைல் அலனினும் அதன் உறவுப் பொருள்களும் கிடைக்காமல் களை மடிகிறது. 1984இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. கிளைபோசேட் இட்ட பீன்ஸ் நாற்றுகள், பூசணங்கள் உள்ள மண்ணில் விரைவாக மடிந்தன. பூசணம் நீக்கப்பட்ட மண்ணில் அவ்வளவு விரைவில் மடியவில்லை. எதிர்ப்புச் சக்தியை இழந்த நாற்றுகளை மண்ணில் இருந்த பூசணங்களே தாக்கி முடித்தன என்பது இதன் பொருள். களைக்கொல்லிச் சாரல் பக்கத்துப் பயிரின் மீது படக் கூடாது என்று வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முதல் வாசல்

பினைல் அலனின் புரதமாவதா, தற்காப்புப் பொருளாவதா என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு நொதி நிற்கிறது. பினைல் அலனின் அம்மோனியா லையேஸ் என்பது அதன் பெயர். சுருக்கமாகப் 'பால்' நொதி என்பர். 1961இல் கூக்கால், கான் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் பார்லிச் செடியில் இதைக் கண்டறிந்தனர். பினைல் அலனினில் உள்ள தழைச்சத்துப் பகுதியை இந்த நொதி அம்மோனியாவாகக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது சின்னமிக் அமிலம். கழற்றப்பட்ட அம்மோனியாவைப் பயிர் வீணாக்குவதில்லை. திரும்பவும் அமினோ அமிலங்கள் தயாரிக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. சின்னமிக் அமிலத்திலிருந்துதான் பினால் வகைப் பொருள்கள் பலவும் கிளை கிளையாகப் பிரிகின்றன.

நோய் இல்லாத காலத்தில் இந்த வாசல் சிறிதளவே திறந்திருக்கும். பூசணத்தின் செல் சுவர்த் துணுக்கு ஒன்றை இலை உணர்ந்தவுடன் இந்த நொதியைத் தயாரிக்கும் மரபணுக்கள் தூண்டப்பட்டு, சில மணி நேரத்திலேயே நொதியின் அளவு பெருகுகிறது. எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்துக்கும் இல்லாத ரகத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகளில் ஒன்று இந்த வேகம். நோய்க்கு ஆளாகும் ரகத்திலும் இந்த நொதி உண்டு. ஆனால் பூசணம் உள்ளே வேரோடிய பிறகே அங்கு அது பெருகுகிறது. வெள்ளம் வந்தபின் கரையை உயர்த்துவது போன்றது இது.

இந்த நொதியின் முக்கியத்துவத்தை 1994இல் வெளியான புகையிலை ஆய்வு ஒன்று தெளிவாக்கியது. மரபணு மாற்றத்தின் மூலம் இந்த நொதி குறைக்கப்பட்ட புகையிலைச் செடிகளில் இலைப்புள்ளி நோய் சாதாரணச் செடிகளைவிட வேகமாகவும் கடுமையாகவும் பரவியது.

மூன்று வகைத் தற்காப்பு

பினைல் அலனினிலிருந்து பயிர் பெறும் தற்காப்பை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது சுவர். சின்னமிக் அமிலத்திலிருந்து லிக்னின் என்னும் மரச்சத்து உருவாகிறது. வைக்கோலுக்கும் மரத்துக்கும் விறைப்பைத் தருவது இதுவே. பூசணம் துளைக்க முயலும் இடத்தில் பயிர் லிக்னினையும் அதைச் சார்ந்த பினால்களையும் செல் சுவரில் பூசிக் கெட்டியாக்குகிறது. பூசணங்கள் செல் சுவரைக் கரைக்க நொதிகளைச் சுரக்கின்றன. லிக்னின் ஏறிய சுவரில் அந்த நொதிகள் எளிதில் வேலை செய்வதில்லை.

இரண்டாவது நஞ்சு. நோய் தாக்கிய பிறகு பயிர் தாக்கப்பட்ட இடத்திலேயே தயாரிக்கும் நுண்ணுயிர்க் கொல்லிப் பொருள்களுக்குப் பைட்டோஅலெக்சின் என்று பெயர். 1940இல் ஜெர்மனியின் முல்லர், போர்கர் ஆகியோர் உருளைக்கிழங்கில் செய்த ஆய்விலிருந்து இக்கருத்து பிறந்தது. 1960இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பட்டாணிக் காயிலிருந்து பைசாட்டின் என்னும் பைட்டோஅலெக்சினைப் பிரித்தெடுத்தனர். எல்லாப் பைட்டோஅலெக்சின்களும் பினைல் அலனினிலிருந்து வருவதில்லை. உருளைக்கிழங்கில் உண்டாகும் ரிஷிட்டின் வேறு வழியில் வருகிறது. ஆனால் பட்டாணியின் பைசாட்டின், சோயா மொச்சையின் கிளைசியோலின், நிலக்கடலையின் ரெஸ்வெரட்ரால், நெல்லின் சகுரானெட்டின் ஆகியவை பினைல் அலனின் வழி வந்தவையே.

சோளம் பயிரிடுவோர் இதைக் கண்ணாலேயே காணலாம். பூசணம் தாக்கிய சோள இலையில் செந்நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளிகளும் திட்டுகளும் தோன்றுவதுண்டு. அந்த நிறம் பூசணத்தின் நிறம் அன்று. பினைல் அலனினிலிருந்து பயிர் தயாரித்த பைட்டோஅலெக்சினின் நிறம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1987இல் இதை விளக்கினர். பூசணம் நுழையும் செல்லில் இந்தச் சாயம் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்கிறது. உருண்டைகள் பூசணம் உள்ள பக்கம் நகர்ந்து சென்று வெடிக்கின்றன. பூசணத்தோடு அந்தச் செல்லும் மடிகிறது. ஒரு செல்லைப் பலி கொடுத்து இலையைக் காப்பாற்றும் முறை இது.

மூன்றாவது செய்தி. தாக்கப்பட்ட இலை மற்ற இலைகளுக்கும் எச்சரிக்கை விடுக்கிறது. 1961இல் அமெரிக்க விஞ்ஞானி ராஸ், புகையிலையின் கீழ் இலைகளில் தேமல் நோய் வைரஸைச் செலுத்திச் சில நாள் கழித்து மேல் இலைகளைச் சோதித்தார். மேல் இலைகளில் நோயின் கடுமை வெகுவாகக் குறைந்திருந்தது. 1979இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் என்பவர், தலைவலிக்குப் பயன்படும் ஆஸ்பிரினைப் புகையிலை இலைக்குள் செலுத்தியும் இதே பலனைக் கண்டார். ஆஸ்பிரினின் அடிப்படையான சாலிசிலிக் அமிலத்தைப் பயிர் தானே தயாரித்து, தற்காப்பைத் தூண்டப் பயன்படுத்துகிறது என்பது 1990இல் உறுதியானது. சாலிசிலிக் அமிலம் உண்டாக இரண்டு பாதைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பினைல் அலனினில் தொடங்குகிறது. நெல்லில் இப்பாதையே முக்கியமானது. இதன் எல்லாப் படிகளையும் சீன விஞ்ஞானிகள் 2025இல்தான் முழுமையாக விளக்கினர்.

சுவர், நஞ்சு, செய்தி ஆகிய மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இலை மேல் நடக்கும் போட்டி

குலை நோய்ப் பூசணத்தின் வித்து நெல் இலையில் ஒட்டி, பனி ஈரத்தில் முளைத்து, குமிழ் போன்ற ஓர் உறுப்பை உண்டாக்குகிறது. அந்தக் குமிழுக்குள் ஏற்படும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 80 மடங்கு வரை உயரக் கூடும். கார்ச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு இது. இந்த விசையால் ஊசி போன்ற இழை இலையைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இவை யாவும் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடுகின்றன. புள்ளி கண்ணுக்குத் தெரிய மேலும் சில நாள்கள் ஆகும்.

ஆகவே போட்டி முழுவதும் முதல் ஓரிரு நாள்களில் நடக்கிறது. பயிர் முந்திக்கொண்டால் இலையில் ஊசித் தலையளவு பழுப்புப் புள்ளி மட்டுமே தோன்றும். பூசணம் நுழைந்த செல்லும் அதன் பக்கத்துச் செல்களும் பினால்களால் பழுப்பேறி மடிந்து, பூசணத்தைச் சிறைப்படுத்தியதன் அடையாளம் அது. பூசணம் முந்திக்கொண்டால் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று இணையும். சாம்பல் நிறப் பகுதியிலிருந்து புதிய வித்துகள் கிளம்பும். வயலைச் சுற்றிப் பார்க்கும் உழவர் இந்த இரு வகைப் புள்ளிகளையும் பிரித்தறிய வேண்டும். முதல் வகை மட்டும் இருந்தால் பயிர் வெல்கிறது. அவசரப்பட்டு மருந்தடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகை பெருகினால் உடனே வேளாண்மை அலுவலரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

யூரியா கூடினால் எதிர்ப்பு கூடுமா?

பினைல் அலனினில் தழைச்சத்து இருப்பதால், யூரியாவைக் கூட்டினால் பினைல் அலனினும் கூடி எதிர்ப்புச் சக்தியும் பெருகும் என்று தோன்றலாம். உண்மை இதற்கு நேர்மாறானது.

தற்காப்புப் பொருள்களில் தழைச்சத்து இல்லை. வாசலில் நிற்கும் நொதி அதைக் கழற்றிவிட்டுக் கரிச் சட்டத்தை மட்டுமே உள்ளே அனுப்புகிறது என்பது முன்பே கூறப்பட்டது. எனவே தற்காப்புக்கு வேண்டியது சர்க்கரையிலிருந்து வரும் கரியே. தழைச்சத்து அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கும்போது பயிர் தன் சர்க்கரையைப் புதிய இலைகளுக்கும் தூர்களுக்கும் செலவழிக்கிறது. பினால்களின் அளவும் லிக்னினின் அளவும் குறைகின்றன. செல் சுவர் மெல்லியதாகிறது. புரதமாக மாறாத அமினோ அமிலங்கள் இலையில் தேங்கிப் பூசணத்துக்கு ஊட்டமாகின்றன. இலைகள் அடர்ந்து காற்றோட்டம் குறைவதால் பனி ஈரமும் நெடுநேரம் நிற்கிறது. கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும் பயிரைக் குலை நோய் முதலில் தாக்குவதன் இரகசியம் இதுதான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஆபத்து அதிகம். வானம் மூடியிருப்பதால் ஒளிச்சேர்க்கை குறைந்து சர்க்கரை உற்பத்தி குறைகிறது. இரவு வெப்பநிலை 20 டிகிரி அளவுக்குத் தாழ்ந்து, காற்றில் ஈரப்பதம் 90 சதத்துக்கு மேல் இருக்கும்போது பூசணம் செழிக்கிறது. இந்த நேரத்தில் பயிர் சற்று வெளுத்திருக்கிறதே என்று ஒரு மூட்டை யூரியாவைக் கூடுதலாக இடுவது, காவலாளை விலக்கிவிட்டுக் கதவையும் திறந்து வைப்பதற்குச் சமம்.

தழைச்சத்தைப் பரிந்துரைத்த அளவில், பல தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். எப்போது இடுவது என்று தீர்மானிக்க இலை வண்ண அட்டை உதவும். நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து பூக்கத் தொடங்கும் வரை 7 முதல் 10 நாள்களுக்கு ஒரு முறை இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் குறைந்தால் மட்டும் மேலுரமாகத் தழைச்சத்து இட வேண்டும். குலை நோய்ப் புள்ளிகள் பரவும் நேரத்தில் மேலுரத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

தழைச்சத்தைக் கட்டுப்படுத்துவதோடு மற்றச் சத்துகளையும் கவனிக்க வேண்டும். சாம்பல் சத்து குறைந்த பயிரில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தேங்குகின்றன. பினால் உற்பத்தி தளர்கிறது. லிக்னின் உருவாகத் தாமிரச் சத்து சிறிதளவு தேவை. நெல்லுக்கு மணல்சத்தாகிய சிலிக்காவும் துணை செய்கிறது. சிலிக்கா கிடைத்த நெற்பயிர், குலை நோய் தாக்கும்போது பினால்களைக் கூடுதலாகத் தயாரிப்பது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. உமிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவே. அதை ரோட்டோரம் கொட்டாமல் நாற்றங்காலுக்கும் வயலுக்கும் திருப்புவது நலம்.

முன்கூட்டியே தட்டி எழுப்பலாம்

நோய் வருவதற்கு முன்பே பயிரின் தற்காப்பைத் தட்டி எழுப்பி வைக்கலாம். ஜப்பானில் 1970களின் நடுவிலிருந்து குலை நோய்க்குப் பயன்பட்டு வரும் புரோபெனசோல் என்னும் மருந்து இந்த வகையைச் சேர்ந்தது. அது பூசணத்தை நேரடியாகக் கொல்வதைவிட, பயிரின் சாலிசிலிக் அமில வழியைத் தூண்டியே பலன் தருகிறது.

இந்தப் பணியைச் செய்யும் நன்மை தரும் நுண்ணுயிர் ஒன்றும் உள்ளது. அதுவே சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்னும் பாக்டீரியா. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதன் பி.எப். 1 என்ற இனத்தைத் தேர்ந்தெடுத்து, டால்க் மாவில் கலந்து பயன்படுத்தும் முறையை 1990களில் உருவாக்கினர். இந்த பாக்டீரியா வேரைச் சுற்றி வாழ்ந்து மற்றப் பூசணங்களோடு போட்டியிடுகிறது. அதோடு பயிரையும் விழிப்பாக வைக்கிறது. 2002இல் வெளியான தக்காளி ஆய்வில், பி.எப். 1 இட்ட செடிகளின் வேரில் வாடல் நோய்ப் பூசணம் தாக்கியபோது 'பால்' நொதியும் பினால்களும் கூடுதலாகப் பெருகின. பயிர் ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டதால் உண்மையான தாக்குதலின்போது தடுமாறுவதில்லை.

நெல்லில் இதைப் பயன்படுத்தும் முறை வருமாறு:

விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். மறுநாள் மிகுதி நீரை வடித்து, 24 மணி நேரம் முளை கட்டி விதைக்க வேண்டும்.

நாற்று நனைத்தல்: வயலில் 25 சதுர மீட்டர் பாத்தி அமைத்து, 2.5 செ.மீ. உயரத்துக்கு நீர் நிறுத்தி, ஒரு ஹெக்டேர் நாற்றுக்கு 2.5 கிலோ வீதம் கலந்து, பறித்த நாற்றுகளின் வேர்களை அரை மணி நேரம் ஊற வைத்து நட வேண்டும்.

வயலில் இடுதல்: நட்ட 30ஆம் நாள் ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து தூவ வேண்டும்.

இலை வழித் தெளிப்பு: நட்ட 45ஆம் நாள் முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று முறை, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்க வேண்டும்.

இது உயிருள்ள பொருள் என்பதை மறக்கலாகாது. வெயிலிலும் உர மூட்டைகளுக்கு அருகிலும் வைக்கக் கூடாது. பொட்டலத்தில் அச்சிட்ட காலக் கெடுவுக்குள் பயன்படுத்த வேண்டும். பூசணக் கொல்லிகளுடன் கலக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் முற்றிய வயலுக்கு இது மருந்தன்று. கடும் நோயில் இதைத் தெளித்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் பொருளில்லை. விதையிலும் நாற்றிலும் தொடங்கினால்தான் முழுப் பயன் கிட்டும். ரகத் தேர்வும் முக்கியம். 1980களில் தமிழ்நாட்டில் பரவலாகப் பயிரான ஐ.ஆர். 50 குலை நோய்க்கு எளிதில் ஆளானது. குலை நோய் அடிக்கடி வரும் ஊர்களில் எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேல் மற்ற முறைகளைக் கைக்கொள்ள வேண்டும்.

நிலக்கடலையில் கடைசி மாத வறட்சி

மானாவாரி நிலக்கடலை பயிரிடுவோருக்கு இந்த அமினோ அமிலம் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்குக் கொடுத்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிடப்பட்டது. இந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். புற்று நோய்க்கும் காரணமாகும். நஞ்சேறிய பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் இதன் மாற்று வடிவம் இறங்குகிறது. ஏற்றுமதிக் கடலை திருப்பி அனுப்பப்படுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

நோய் தாக்க வரும்போது நிலக்கடலைப் பருப்பு, பினைல் அலனினிலிருந்து ரெஸ்வெரட்ரால் முதலிய பைட்டோஅலெக்சின்களைத் தயாரித்துப் பூசணத்தைத் தடுக்கிறது. இதற்குப் பருப்பில் போதிய ஈரம் வேண்டும். 1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டாசன் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. அறுவடைக்கு முந்தைய 4 முதல் 6 வாரங்களில் கடும் வறட்சியும் மண் சூடும் சேர்ந்தால் பருப்பின் ஈரம் குறைந்து, பைட்டோஅலெக்சின் தயாரிக்கும் திறன் நின்றுவிடுகிறது. பூசணமோ அந்த ஈரத்திலும் வளர வல்லது. பயிர் ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகும் பகைவன் நிற்கிறான். அஃப்ளாடாக்சின் சேர்வது இந்த இடைவெளியில்தான்.

எனவே கிணற்றில் உள்ள நீர் ஒரு பாசனத்துக்கு மட்டுமே போதும் என்ற நிலையில், காய் முற்றும் பருவத்துக்கு அதை ஒதுக்கி வைப்பது பலன் தரும். முதிர்ந்தவுடன் காலந்தாழ்த்தாமல் அறுவடை செய்ய வேண்டும். பறித்தபின் பருப்பின் தற்காப்பு அடங்கிவிடுவதால், ஈரப்பதம் 8 சதத்துக்குக் குறையும் வரை விரைந்து உலர்த்த வேண்டும். உடைந்த, பூச்சி துளைத்த, சுருங்கிய காய்களைப் பொறுக்கி நீக்க வேண்டும். அவற்றை மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது.

பினைல் அலனினைத் தெளிக்கலாமா?

கடைகளில் பல அமினோ அமிலக் கரைசல்கள் விற்கப்படுகின்றன. பினைல் அலனினையே பயிருக்குத் தெளித்தால் என்ன என்று கேள்வி எழலாம். இஸ்ரேலின் வோல்கானி ஆராய்ச்சி மையத்தில் இது சோதிக்கப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வுகளின்படி, பினைல் அலனின் கரைசலைப் பெற்ற செவ்வந்திப் பூக்களில் சாம்பல் பூசண நோயும், மா, வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றில் அறுவடைக்குப் பிந்தைய அழுகலும் குறைந்தன. கரைசல் பூசணத்தைக் கொல்லவில்லை. பூவும் பழமும் தம் தற்காப்பைப் பெருக்கிக்கொண்டன.

இது ஆய்வுக்கூடத்திலும் பழக்கிடங்கிலும் கண்ட முடிவு. நெல் வயலுக்கும் கடலைக் காட்டுக்கும் உரிய பரிந்துரை அன்று. மேலும் கடைக் கரைசல்களில் பல அமினோ அமிலங்கள் கலந்திருக்கும். பினைல் அலனின் அவற்றில் ஒரு சிறு பகுதியே. மற்றவை பயிருக்குத் தழைச்சத்தாகவே சேரும். சூரிய ஒளியும் சமச்சீர் உரமும் கிடைத்த பயிர் பினைல் அலனினைத் தானே வேண்டிய அளவு தயாரித்துக்கொள்ளும். ஆஸ்பிரின் மாத்திரைகளைக் கரைத்துத் தெளிப்பதும் வேண்டாம். அளவு மிஞ்சினால் இலை கருகும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

குலை நோய் பகுதிகளில் எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

தழைச்சத்தை இலை வண்ண அட்டையின் உதவியால் தவணைகளாக இடவும். மேகமூட்டமும் பனியும் உள்ள நாள்களில் கூடுதல் யூரியாவைத் தவிர்க்கவும். சாம்பல் சத்தை விட்டுவிடாமல் இடவும்.

விதை நேர்த்தியிலிருந்தே சூடோமோனாஸைப் பயன்படுத்தவும்.

வாரம் ஒரு முறை வயலைச் சுற்றி வந்து, ஊசித் தலைப் புள்ளியா, கண் வடிவப் புள்ளியா என்று பார்க்கவும்.

நிலக்கடலையில் கடைசி ஒரு மாதத்துக்கு ஈரம் காக்கவும். உரிய நாளில் பறித்து நன்கு உலர்த்தவும்.

ஒரு மூட்டை யூரியாவின் விலை, ஒரு முறை மருந்தடிக்கும் கூலி, திருப்பி அனுப்பப்பட்ட கடலையின் நட்டம் ஆகியவை உழவரின் கணக்கில் தனித்தனி வரிகளாக இருக்கலாம். பயிரின் கணக்கில் இவை யாவும் ஒரே வரியில் அடங்கும். தற்காப்புக்கு வேண்டிய சர்க்கரையும், நீரும், முன்னறிவிப்பும் கிடைத்ததா என்பதே அந்த வரி. அவற்றைக் காலத்தே கொடுத்தால், பயிர் தன் பங்கைத் தவறாமல் செய்யும்.